கட்டற்ற ஓவிய மென்பொருள்: மதுரையில் வரைவதும், அதை எழுதுபவரிடம் பேசுவதும்

கையால் வரையத் தெரிந்து, கணினியிலும் வரைய விரும்பி, மாதச் சந்தா கட்டும் மென்பொருளுக்குப் பணம் ஒதுக்க முடியாதவர்களுக்காகவும், திருட்டுப் பிரதியை வைத்துக் காலம் தள்ள மனம் ஒப்பாதவர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மதுரையில் இப்படிப்பட்டவர்களுக்குக் குறைவில்லை. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு சுவரெழுத்தை விட்டுவிட்டுக் கணினிக்கு வந்த ஓவியர்கள், சுங்குடிச் சேலைக்குப் புது வடிவம் தேடுபவர்கள், காதணி விழாவுக்கும் வசந்த விழாவுக்கும் பேனர் போட்டுக் கொடுக்கும் கல்லூரி மாணவர்கள் என்று தெருவுக்கு ஒருவராவது இருப்பார். கட்டற்ற மென்பொருள், அதாவது மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் மென்பொருள், என்றதும் காசு கொடுக்க வேண்டாம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு அதைவிடக் கைகொடுத்தது, கோளாறு கண்டால் நிரலை எழுதியவரிடமே போய்ச் சொல்லலாம், அவரும் பதில் சொல்வார் என்னும் வசதி. ஆகவே நிறுவுவதையும் வரைவதையும் முதலில் சொல்லிவிட்டு, அந்தப் பேச்சை எப்படி நடத்துவது என்பதற்குப் பின்பகுதியை ஒதுக்கியிருக்கிறேன். மெனுப் பெயர்களை ஆங்கில இடைமுகத்தில் உள்ளபடியே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

எந்த வேலைக்கு எது

ஐந்து மென்பொருள்களை ஒரே நாளில் நிறுவி, எதையும் கற்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் நிறுவுவதென்றால் கிரிட்டாவை நிறுவுங்கள். இது 1999-இல் வேறு பெயரில் தொடங்கப்பட்டு, 2002-இல் இப்போதுள்ள பெயரைப் பெற்றது. சுவீடிய மொழியில் அந்தச் சொல்லுக்குச் சுண்ணக்கட்டி என்று பொருள். பத்தாண்டுகள் போல எதற்கு என்று தெளிவில்லாமல் வளர்ந்த பிறகு, 2009 வாக்கில் புகைப்படத் திருத்தத்தை விட்டுவிட்டு ஓவியருக்கான கருவியாக இருப்பது என்று அதன் குழுவினர் முடிவு செய்தார்கள். அந்த முடிவின் பலனை இன்று தூரிகையை எடுத்த முதல் நிமிடத்திலேயே உணரலாம். உடன் வரும் தூரிகைகளில் பலவற்றை ஓவியர்களே செய்து கொடுத்திருக்கிறார்கள்; பிரான்சைச் சேர்ந்த டேவிட் ரெவ்வா அவர்களில் ஒருவர்.

அடுத்ததாக, பேனருக்கும் எழுத்து வடிவமைப்புக்கும் இங்க்ஸ்கேப் வேண்டும். இது கோட்டுருவாக (வெக்டர்) வரைவது; எத்தனை அடிக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் சிதையாது. சோடிபோடி என்ற மென்பொருளில் மாற்றம் வேண்டிய நான்கு நிரலர்கள், தங்கள் யோசனைகளுக்கு அங்கே இடம் கிடைக்காததால் 2003-இல் மூலநிரலை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனதால் பிறந்தது அது. கூட்டுக்குடும்பத்தில் இப்படிப் போனால் சண்டை என்போம். கட்டற்ற உலகில் இது உரிமத்திலேயே அனுமதிக்கப்பட்ட செயல்.

புகைப்படத்தை வெட்டி ஒட்டவும் நிறம் திருத்தவும் கிம்ப் இருக்கிறது. 1995-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது அது. அதன் 2.10 பதிப்பு 2018-இல் வந்தது. அடுத்த பெரிய பதிப்பான 3.0 வருவதற்கு 2025 மார்ச் ஆகிவிட்டது. ஏழாண்டு ஏன் என்று கேட்பவர்கள், அதை எழுதுபவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பத்திரிகை, துண்டறிக்கை போன்ற அச்சு வேலைக்கு ஸ்கிரைபஸ் ஏற்றது. அதில் மட்டும் பழைய 1.4 வரிசையைத் தொடாதீர்கள், தமிழ் அதில் நிற்காது. 2024 ஜனவரியில் வந்த 1.6 அல்லது அதற்குப் பிந்தையதை எடுங்கள். முப்பரிமாணத்துக்கும் அசைவூட்டத்துக்கும் பிளெண்டர் உண்டு. அது தனிக்கடல், இந்த வழிகாட்டியில் அடங்காது. அதை வைத்திருந்த நிறுவனம் 2002-இல் மூடப்பட்டபோது, பயனர்களே ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி மூலநிரலை மீட்டார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு மேலே போகலாம்.

நிறுவுதலும் பேனாப்பலகையும்

கிரிட்டாவை அதன் சொந்தத் தளத்திலிருந்து விலையின்றி இறக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் ஸ்டீமிலும் அதுவே விலைக்குக் கிடைக்கிறது. அந்தப் பணம் நிரலர்களின் சம்பளத்துக்குப் போகிறது. விலை கொடுத்து வாங்கினால் கூடுதல் வசதி கிடைக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பது தவிர வேறுபாடு இல்லை. தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத் தளங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

விலை குறைந்த பேனாப்பலகை (கணினியில் பேனாவால் வரைய உதவும் டேப்லெட்) வாங்கியவர்கள் முதல் நாளே சொல்லும் குறை, அழுத்திப் போட்டாலும் மெல்லப் போட்டாலும் கோடு ஒரே தடிமனாக விழுகிறது என்பது. பெரும்பாலும் பலகையில் குற்றமில்லை. விண்டோஸில் பேனாவின் அழுத்தத்தை மென்பொருளுக்குத் தெரிவிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன: ஒன்று விண்டேப் என்ற பழைய வழி, மற்றொன்று விண்டோஸ் இங்க் என்ற புதிய வழி. பலகையின் இயக்கி (டிரைவர்) ஒரு வழியில் பேச, கிரிட்டா மற்றொரு வழியில் காது கொடுத்துக்கொண்டிருந்தால் அழுத்தம் வந்து சேராது. செட்டிங்ஸ், கான்ஃபிகர் கிரிட்டா, டேப்லெட் செட்டிங்ஸ் என்று போய் இரண்டில் எது இருக்கிறதோ அதை மாற்றிவிட்டு, மென்பொருளை மூடித் திறங்கள். அதே இடத்தில் டேப்லெட் டெஸ்டர் என்ற சோதனைச் சாளரமும் உண்டு. அதில் கோடு போட்டுப் பார்த்தால் அழுத்தத்தின் அளவு எண்ணாகவே தெரியும். எண் மாறாமல் நின்றால் கோளாறு இயக்கியில், எண் மாறியும் கோடு மாறாவிட்டால் தேர்ந்தெடுத்த தூரிகையின் அமைப்பில். சுவரில் பட்டைத் தூரிகை பிடித்துப் பழகியவர்களின் கை கனமாக இருக்கும். அவர்கள் அங்குள்ள அழுத்த வளைகோட்டைச் சற்றே கீழ்நோக்கித் தொய்யவிட்டால் கைக்குக் கணினி இணங்கும்.

கோப்பின் அளவைத் தொடக்கத்திலேயே தீர்மானியுங்கள். ஏ3 தாளை 300 டிபிஐ-இல், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் திறந்தால் 3508-க்கு 4961 புள்ளிகள் வரும். அதாவது ஏறத்தாழ 1.74 கோடி புள்ளிகள். ஒரு புள்ளிக்கு நான்கு பைட் வீதம், முழுக்க நிரப்பிய ஓர் அடுக்குக்கே (லேயர்) 70 எம்பி நினைவகம் செலவாகிறது. இருபது அடுக்குகள் வைத்தால் 1.4 ஜிபி. எட்டு ஜிபி கணினியில் இது ஓடும். பக்கத்தில் உலாவியில் முப்பது பக்கங்கள் திறந்திருந்தால் திணறும். பத்தடிக்கு ஆறடி பேனரை 300 டிபிஐ-இல் வரைய முயல்வது வீண். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு 72 போதும்.

மின்தடைக்கும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்துவிட்டு வரும். கோடை மழையின் முதல் காற்றில் போவது அறிவிக்காமல் போகும். கிரிட்டாவின் பொது அமைப்புகளில் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதிக்குச் சென்று தானியங்கிச் சேமிப்பை ஐந்து நிமிடத்துக்கு வையுங்கள். அதோடு கண்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கோப்பு அடுத்த எண்ணிட்ட பதிப்பாகச் சேமிக்கப்படும். வாடிக்கையாளர் நாலாவது திருத்தத்தில் நின்றுகொண்டு, முதலில் போட்டதே நன்றாக இருந்தது என்று சொல்லும்போது இதன் அருமை விளங்கும்.

சுங்குடிப் புள்ளியில் கை பழகுதல்

பயிற்சிக்கு மலையும் தென்னை மரமும் வேண்டாம். ஆயிரத்துக்கு ஆயிரம் புள்ளி அளவில் ஒரு கோப்பைத் திறந்து, கீழே அரக்கு நிறத்தை நிரப்பி, மேலே புது அடுக்கு ஒன்றைச் சேர்த்து, டபிள்யூ விசையை அழுத்துங்கள். திரை முழுவதும் உங்கள் படம் ஓடு பாவியதுபோல் நாற்புறமும் திரும்பத் திரும்பத் தோன்றும். இது ரேப் அரவுண்ட் முறை. ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் அதன் மறுபாதி எதிர் ஓரத்தில் தானாக வந்து சேர்வதைக் காணலாம். துணியில் ஒட்டுத் தெரியாமல் ஓட வேண்டிய எந்த வடிவத்துக்கும் இதுவே அடிப்படை.

இதில் வட்டக் கருவியால் புள்ளி வைக்கிற தவற்றைச் செய்யாதீர்கள். உண்மையான சுங்குடிப் புள்ளி, துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுப்பதால் உண்டாவது. கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் ஒரு வெள்ளை வளையம் நிற்கும். நடுவில் கிள்ளிய நுனியில் மட்டும் நிறம் பட்டிருக்கும். எந்த வளையமும் முழு வட்டமாக இராது, ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஆகவே ஓரம் சற்றே கரடான மைத்தூரிகையை எடுத்து, ஒவ்வொரு வளையத்தையும் கையாலேயே, ஒரு பக்கம் அழுத்தியும் மறுபக்கம் விட்டும் போடுங்கள். நாற்பது புள்ளி முடிவதற்குள் பேனாவின் அழுத்தம் கைக்குப் பிடிபட்டுவிடும். இது எந்தக் கோடு போடும் பயிற்சியைவிடவும் பயனுள்ளது என்பது என் எண்ணம்.

கோலம் போடுகிறவர்களுக்கு மல்டிபிரஷ் கருவி இருக்கிறது. கியூ விசைக்கு வரும். சிமெட்ரி முறையில் தூரிகையின் எண்ணிக்கையை நான்காக வைத்தால் ஒரு கோடு நான்கு திசையிலும் சுழன்று விழும். புள்ளிக்கு கிரிட் வசதியைக் காட்டச் செய்து கொள்ளுங்கள். சிக்குக் கோலத்தில் ஒரு கால்பகுதியைப் போட்டால் மீதி மூன்றும் சேர்ந்தே வருவதைப் பார்த்த என் அத்தை, மார்கழியில் இது இருந்திருந்தால் அரைமணி மிச்சமாயிருக்கும் என்றார். தரையில் போட இன்னும் வழி வரவில்லை என்று சமாதானம் சொன்னேன்.

மதுரை என்று அடித்துப் பாருங்கள்

எந்த வரைகலை மென்பொருளைத் திறந்தாலும் எழுத்துக் கருவியை எடுத்து முதலில் 'மதுரை' என்று அடித்துப் பார்ப்பது என் வழக்கம். ஊர்ப்பற்று ஒரு காரணம். மற்றொரு காரணம், அந்தச் சிறு சொல்லில் இரண்டு சோதனைகள் இருக்கின்றன. கணினி அதை ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து யூனிகோடு குறிகளாகவே வைத்திருக்கிறது. தகரமும் உகரக் குறியும் இணைந்து 'து' என்ற ஒரே வடிவமாக வேண்டும். ரகரத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்ட ஐகாரக் குறி, காட்டும்போது அதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யத் தெரியாத மென்பொருளில் ரகரத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு கொம்பு தொங்கிக்கொண்டிருக்கும். இதில் தேறினால் அடுத்து 'கொட்டாம்பட்டி' என்று அடியுங்கள்; ஒரே குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டிய சோதனை அது. மூன்றாவது 'ஸ்ரீ'.

இந்த வேலையைத் திரைக்குப் பின்னால் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுப்பு. இங்க்ஸ்கேப், கிம்ப் இரண்டிலும் அதுவே எழுத்துகளை அடுக்கிக் கொடுக்கிறது. கிரிட்டாவில் 2023 அக்டோபரில் வந்த 5.2 பதிப்பில் எழுத்தை அமைக்கும் பகுதி ஹார்ஃப்பஸின் மேல் புதிதாக எழுதப்பட்டது. அதைச் செய்தவர் வோல்தெரா வான் ஹோவெல். கிரிட்டாவின் கையேட்டை எழுதியவர்களிலும் முக்கியமானவர் அவரே.

எழுத்துருவைப் பொறுத்தவரை யூனிகோடு எழுத்துருக்களை மட்டும் பயன்படுத்துங்கள். ஹிந்த் மதுரை என்றே ஒன்று இருக்கிறது. அரிமா மதுரை என்று இன்னொன்று. இரண்டும், காட்டமரன், முக்தா மலர், மீரா இனிமை ஆகியவையும் திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளவை. விற்பனைக்கான பேனரில் தயக்கமின்றிப் போடலாம். நம்மூர் டிடிபி கடைகளில் இன்னமும் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் ஓடுகின்றன. அவற்றில் அடித்த வாசகத்தைக் கொண்டுவந்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். குறியாக்க மாற்றியில் ஒருமுறை போட்டு எடுத்துக்கொண்டு, ஒற்று விட்டிருக்கிறதா என்று கண்ணால் ஒருமுறை படித்துவிட வேண்டும்.

அச்சகத்துக்குக் கொண்டுபோகும்முன் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிவிடுங்கள். இங்க்ஸ்கேப்பில் பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் என்று இருக்கும். சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில் நான் முதன்முதலில் கோப்பை நீட்டியபோது, "அண்ணே, கோரல் ஃபைல் இல்லையா, இது என்ன புதுசா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் திறந்தார்கள். எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாததால் தலைப்பு வேறு முகத்தில் வந்தது. அன்றிலிருந்து எழுத்தாக உள்ள மூலக்கோப்பு ஒன்று, கோட்டுருவாக்கிய பிடிஎஃப் ஒன்று என்று இரண்டு எடுத்து வைக்கிறேன். அச்சகத்துக்குப் பிடிஎஃப் மட்டுமே போகும்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. திரையில் பளீரென்று தெரியும் மீனாட்சியின் கிளிப்பச்சை, நான்கு மை அச்சில் மங்கித்தான் விழும். அந்தப் பச்சை சிஎம்ஒய்கே மைகளால் எட்ட முடியாத நிறம். கிரிட்டாவில் கண்ட்ரோல், ஒய் அழுத்தினால் அச்சில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே காட்டும். வரைந்து முடித்தபின் பார்த்து வருந்தாமல் நிறம் தேர்ந்தெடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய கறுப்பு எழுத்துகளை ஸ்கிரைபஸில் கறுப்பு மை மட்டும் நூறு விழுக்காடு என்று வையுங்கள். திரைக்கான ஆர்ஜிபி கறுப்பை அப்படியே மாற்றினால் நான்கு மையும் கலந்துவிடும். ஆஃப்செட்டில் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் பத்திரிகையின் எழுத்தைச் சுற்றி நிறக்கரை தெரியும்.

எழுதுகிறவர்கள் யார்

கோளாறு வந்ததும் 'கம்பெனிக்காரன்' என்று திட்டுவது நம் பழக்கம். இங்கே அப்படி ஒரு கம்பெனி இல்லை. கிரிட்டாவுக்கு நெதர்லாந்தில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. ஹல்லா ரெம்ப்ட் 2003-இல் திட்டத்துக்குள் வந்து நெடுங்காலம் அதன் பராமரிப்பைக் கவனித்துவந்தவர். சம்பளம் பெற்று முழுநேரம் வேலை செய்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிம்ப்பில் அத்தகைய அமைப்புகூடப் பெரிதாக இல்லை. அதன் பராமரிப்பாளர் ஜெஹான், ஆர்யோம் என்ற அசைவுப்பட ஓவியரோடு சேர்ந்து ஒரு படத் திட்டத்தை நடத்துகிறார். அவர் வரையும்போது தட்டுப்படும் குறைகளை இவர் நிரலில் சரிசெய்கிறார். ஓவியரும் நிரலரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் கருவி எப்படி வளரும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மதுரையிலிருந்து நாம் அந்த மேசைக்குப் போக முடியாது. அதற்கு மாற்றாக இருப்பது, கோளாறை எழுதித் தெரிவிக்கும் வழு அறிக்கை.

வழு அறிக்கை எழுதும் முறை

அறிக்கை எழுதும்முன் மூன்று காரியங்கள் உண்டு. புதிய பதிப்பிலும் அதே கோளாறு இருக்கிறதா என்று பாருங்கள். அமைப்புக் கோப்பு கெட்டிருக்கிறதா என்று அறிய, கிரிட்டா திறக்கும்போது ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்தால் தொடக்க அமைப்புக்குத் திரும்பக் கேட்கும். பாதிக் கோளாறுகள் அங்கேயே தீரும். அதன்பின், இதையே வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். கிரிட்டாவின் அறிக்கைகள், அது சேர்ந்திருக்கும் கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பின் பக்ஜில்லா என்ற வழுப் பதிவுத் தளத்தில் இருக்கின்றன. கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டின் அறிக்கைகளும் கிட்லேப் என்ற தளத்தில். இங்க்ஸ்கேப்பில் புதியவர்கள் இன்பாக்ஸ் என்ற பகுதியில்தான் போட வேண்டும்.

எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். அவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அன்று. இலக்கணப் பிழையை யாரும் பொருட்படுத்துவதில்லை. செய்தது என்ன, நடந்தது என்ன, நடந்திருக்க வேண்டியது என்ன என்ற மூன்றும் தனித்தனியே இருக்க வேண்டும். பதிப்பு எண், இயங்குதளம் ஆகியவற்றைக் கையால் எழுத வேண்டாம். ஹெல்ப் மெனுவில் வழு அறிக்கைக்கான கணினித் தகவல் என்றே ஒரு பிரிவு இருக்கிறது, அதை நகலெடுத்து ஒட்டுங்கள். ஓர் அறிக்கையில் ஒரு கோளாறு மட்டும் இருக்கட்டும்.

நான் எழுதிய ஒன்றையே சொல்கிறேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு எங்கள் தெரு இளைஞர்கள் வைக்கும் நீர்மோர்ப் பந்தலுக்குப் பேனர் செய்துகொண்டிருந்தேன். ஒரு கட்டற்ற மென்பொருளில் தலைப்பைப் பரப்பிக் காட்ட எழுத்து இடைவெளியைக் கூட்டினேன். உடனே 'ரை'யின் கொம்பு ரகரத்தைவிட்டு விலகி நடுவழியில் நின்றது. 'மோ'வின் இரண்டு குறிகளும் ஆளுக்கொரு பக்கம் போயின. ஆத்திரத்தில் தமிழ் எழுத்து உடைகிறது, சரிசெய்யவும் என்று ஒரே வரியில் எழுதி, ஒரு படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

மூன்று நாள் கழித்து நிரலரிடமிருந்து பதில் வந்தது. படத்தைப் பார்த்ததாகவும், எல்லா வடிவங்களுக்கும் இடையே இடைவெளி சமமாகவே இருப்பதாகவும், எது உடைந்திருக்கிறது என்று தமக்கு விளங்கவில்லை என்றும் மரியாதையாகக் கேட்டிருந்தார். கோபம் வந்தது, சற்று நேரத்தில் வெட்கமும் வந்தது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவர் கண்ணுக்கு அது வரிசையாக நிற்கும் அழகான வளைவுகள். அது தவறு என்று அறிந்தவன் அந்த உரையாடலில் நான் ஒருவன் மட்டும்தான். அதை நான் சொல்லவே இல்லை.

இரண்டாவது முறை இப்படி எழுதினேன்:

"தலைப்பு: எழுத்து இடைவெளியைக் கூட்டினால் தமிழ் உயிர்க்குறி அதன் மெய்யைவிட்டுப் பிரிகிறது.

செய்தது: இணைத்துள்ள கோப்பைத் திறந்து, இடைவெளியைப் பூச்சியத்திலிருந்து இருபதாக மாற்றினேன்.

நடந்தது: இரண்டாம் படத்தில் சிவப்பு வட்டமிட்ட இடத்தில், ஒரே எழுத்தின் இரண்டு உறுப்புகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது.

நடக்க வேண்டியது: மூன்றாம் படத்தில் உள்ளதுபோல், முழு எழுத்துக்கும் அடுத்த முழு எழுத்துக்கும் நடுவே மட்டுமே இடைவெளி விழ வேண்டும். ஆங்கிலத்தின் சிறிய 'ஐ' எழுத்தில், கோட்டுக்கும் அதன் தலைப்புள்ளிக்கும் நடுவே இடைவெளி விட்டால் எப்படியோ, இதுவும் அப்படியே."

மூன்றாம் படத்தை நான் கையால் நகர்த்திச் செய்தேன். சரியான வடிவம் எது என்று காட்ட வேறு வழியில்லை. எழுத்துருவின் பெயரையும், பேனரின் தலைப்பு வாசகம் மட்டும் உள்ள சிறு கோப்பையும் இணைத்தேன். முழுப் பேனர்க் கோப்பை அனுப்பாதீர்கள். முப்பது அடுக்கில் அவர் எதைத் தேடுவார்? மறுநாளே, இடைவெளியை எழுத்துத் தொகுதிக்குப் பதில் தனி வடிவத்துக்குப் போட்டிருக்கிறோம், புரிந்துவிட்டது என்று பதில் வந்தது. ஒரு மொழியின் எழுத்து எங்கே பிரியலாம், எங்கே பிரியக்கூடாது என்பதை அந்த மொழிக்காரர் சொன்னால்தான் உண்டு. தமிழுக்கு அதைச் சொல்ல இத்தாலியிலிருந்து ஆள் வரப்போவதில்லை.

அனுப்பியபின் மின்னஞ்சலைக் கவனியுங்கள். கேடிஇ-யின் பக்ஜில்லாவில் உங்களிடம் தகவல் கேட்டு நீட்ஸ்இன்ஃபோ என்று நிலை மாற்றிவிட்டால், பதினைந்து நாளில் நினைவூட்டல் வரும். முப்பது நாளில் தானியங்கி மூடிவிடும். திருவிழா மும்முரத்தில் மறந்துபோய் மூடப்பட்டவை என்னுடையவை இரண்டு. டூப்ளிகேட் என்று மூடினால் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பே எழுதப்பட்ட அறிக்கையோடு உங்களுடையதைச் சேர்த்துவிட்டார்கள் என்பதே பொருள். நேரில் பேசுவதுபோல் கேட்க வேண்டுமானால் லிபரா என்ற ஐஆர்சி அரட்டைச் சேவையில் கிரிட்டாவுக்கு ஓர் அரங்கம் இருக்கிறது. நம் காலை பத்து மணி நெதர்லாந்தில் விடியும் நேரம். பிற்பகல் மூன்றுக்கு மேல் போனால் ஆள் இருப்பார்கள். கேள்வியைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியேறிவிடாதீர்கள்.

குறை சொல்வதோடு நில்லாமல் கைகொடுக்க விரும்பினால் வழிகள் பல. நிரலெழுதத் தெரியாதவர் தூரிகை செய்து தரலாம். சுங்குடிப் புள்ளிக்கும் சுவரெழுத்தின் பட்டைத் தூரிகைக்கும் நம்மிடம் இருக்கும் கையறிவு அங்கே யாரிடமும் இல்லை. மொழிபெயர்ப்பில் சேரலாம், ஆனால் வரைந்து பழகாமல் சேராதீர்கள். அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்த்த மெனுவை எந்த ஓவியரும் இயக்கமாட்டார். பணமாகத் தரலாம். ஒரு பேனருக்கு வாங்கும் கூலியில் ஒரு பங்கை ஆண்டுக்கு ஒருமுறை அனுப்புவது என் வழக்கம். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி அட்டையில் அனுமதியை முன்னதாகத் திறந்துவிட வேண்டும்.

சரிசெய்துவிட்டதாக நிரலர் எழுதியதும் உங்களுக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அந்தத் திருத்தம் அடுத்த பதிப்பில்தான் எல்லாருக்கும் வரும். அதற்கு முன்பே தினசரிப் பதிப்பில் சேர்ந்திருக்கும். கிரிட்டாவில் பிளஸ், நெக்ஸ்ட் என்று இரண்டு தினசரிப் பதிப்புகள் உண்டு. முன்னது நிலையானதோடு ஒட்டியது, பின்னது பரிசோதனைக்கானது. நிறுவாமல் தனி அடைவில் விரித்து இயக்கலாம். வாடிக்கையாளரின் கோப்பை அதில் திறக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய சிறு கோப்பை மட்டும் திறந்து, இடைவெளியைக் கூட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்றோ, 'ரை' சரி 'மோ' இன்னும் பிரிகிறது என்றோ ஒரு படத்தோடு பதில் போடுங்கள். என் விஷயத்தில் 'மோ' பிரிந்தது. இன்னொரு வாரம் ஆயிற்று. அந்த ஆண்டு பேனருக்குள் அது வந்து சேரவில்லை. கொம்புகளைக் கோட்டுருவாக்கிக் கையாலேயே நகர்த்தி ஒட்டினேன். புதிய பதிப்பு வந்த அன்று பழைய கோப்பைத் திறந்து தலைப்பை மட்டும் மறுபடி எழுத்தாக அடித்து வைத்துக்கொண்டேன். எங்கள் பந்தலுக்குச் சித்திரைக்குச் சித்திரை அதே பேனர்தான். ஆண்டை மட்டும் மாற்றிக் கேட்பார்கள்.